எண்ணெய் குடித்த துப்பாக்கி

பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் உள்ளது. தெருவில் விசாரித்தால் 'ஸ்பிரிங் மாமா' என்றால்தான் தெரியும். வயது அறுபத்து நான்கு. தொழில் லிஃப்ட் மெக்கானிக், தற்சமயம் ஓய்வு. விலாசம், பல் டாக்டர் கிளினிக்கை ஒட்டிய வீடு, மாடி.

நான் மேற்படி விலாசத்தில் ஒரு மனைவியுடனும் பதினோரு பழைய காற்றுத் துப்பாக்கிகளுடனும் வசித்து வருகிறேன். ஊரின் பெரிய மனிதர்களையெல்லாம் ஏற்றி இறக்கியவன் என்பதால் எனக்கு யாரிடமும் பயம் கிடையாது, மனைவி நீங்கலாக. என்னிடம் உள்ளவை மருந்து போட்டுச் சுடுபவை அல்ல. குழாயை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று ஈயக் குண்டைத் தள்ளும். ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளும் குடும்ப விவகாரம்தான். நெருப்புக்கு இதில் வேலையே இல்லை.

சம்பவத்தில் சம்பந்தப்பட்ட துப்பாக்கி என்னைவிட மூத்தது. என் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது என்பதால் மனைவி அதை "உங்க மூத்தவ" என்றுதான் சொல்வார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. பெருக்கும்போதுகூட துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெருக்குவார்.

அதன் பிஸ்டன் தலையில் ஒரு தோல் வாஷர் உண்டு. தோல் காய்ந்தால் காற்று கசியும், துப்பாக்கி இருமும். ஆகவே அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது என் வழக்கம். இந்நிலையில் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. சுடும்போது தோளில் விழும் அதிர்ச்சி கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கறுப்புக் கண்ணாடியுடன் படுத்துக்கொண்டு, "அவளுக்குத் தொண்டை காஞ்சிருக்குமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்கு மனைவி, "எனக்கு ஜுரம் வந்தப்ப இப்படி ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயில?" என்றார்.

அதன் பிறகு டாக்டர் அனுமதி கொடுத்த அன்றே, காலையில், வழக்கமான இரண்டு சொட்டு விட்டு, நடையின் கோடியில் பழைய போர்வைகளை அடைத்த பெட்டியைக் குறி பார்த்து விசையை இழுத்தேன். அப்போது எழுந்த சத்தத்தில் வானம் ஒரு ஓரமாகக் கிழிந்தது. மலைகள் இடம் மாறி உட்கார்ந்தன. நாற்பது நாய்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன. (இந்த வாக்குமூலத்தை எழுதும் நிலைய எழுத்தர் ஆட்சேபித்ததன் பேரில்: இரண்டு நாய்கள் குரைத்தன.) குழாயிலிருந்து புகை வந்தது. கீழே பக்கத்துக் கிளினிக் நாற்காலியில் இருந்தவர், வாயில் பஞ்சும் கழுத்தில் துண்டுமாக பஸ் நிறுத்தம் வரை ஓடிவிட்டார். பல் டாக்டர் போன் செய்தார். போலீசார் வந்தார்கள். துப்பாக்கியையும் என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மனைவி கூப்பிடாமலே ஏறிக்கொண்டார்.

நிலையத்தில் ஆய்வாளர், "காத்துத் துப்பாக்கின்னா காத்து வரணும் பெரியவரே. புகை எப்படி வந்துச்சு?" என்றார். "ரெண்டு சொட்டுக்கு அது புகைஞ்சதே இல்ல சார்" என்றேன். எதையோ மறைக்கிறேன் என்று நினைத்த ஆய்வாளர், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அறுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்றார். "வேணும்னா என்னை அறுங்க சார்" என்றேன். "உங்களை அறுத்து என்ன தெரியப்போகுது?" என்றார்.

அதுவரை மடியில் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து, "தம்பி, அதை அறுக்காதீங்க. எண்ணெய் ஊத்தினது நான்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆய்வாளரையே பார்த்தார்.

"என்ன எண்ணெய்மா?"

"என் தையல் மெஷின் எண்ணெய். தினமும் இவரு குளிக்கப் போறப்ப ஊத்துவேன். காஞ்சு கிடக்கு, காஞ்சு கிடக்குன்னு ஒரே புலம்பல். கேட்க முடியல."

"எத்தனை சொட்டுடி?" என்று நான் கேட்டேன்.

"சொட்டா? டப்பா காலி."

"எண்ணெய் விடக் குழாயை யார் மடக்கினா?"

"நான்தான். இத்தனை வருஷமா உங்க கூத்தைப் பார்க்கறேனே, அது கூடவா தெரியாது?"

அதன் பிறகு எனக்கு எல்லாம் விளங்கியது. உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால், பிஸ்டன் அழுத்தும் வேகத்தில் காற்று சூடாகி எண்ணெய் பற்றிக்கொள்ளும், டீசல் எஞ்சின் போல. எண்ணெய் எரிந்து தீர்ந்தால் துப்பாக்கி பழையபடி சாதுவாகிவிடும் என்று சொல்லி, சுட்டுக் காட்ட அனுமதி கேட்டேன். பின்புறம் மணல் மூட்டை அடுக்கினார்கள். முதல் குண்டுக்குப் பெரும் சத்தமும் புகையும் வந்தன; புகார் கொடுக்க வந்திருந்த பல் டாக்டர் ஆய்வாளரின் முதுகுக்குப் பின்னால் மறைந்தார். அடுத்ததற்குச் சத்தம் குறைந்தது. போகப் போகப் புகையும் நின்று, கடைசியில் புத்தகத்தை மூடுவது போல 'டப்' என்று மட்டும் கேட்டது.

"இவ்வளவுதானா?" என்ற ஆய்வாளர் குரலில் ஏமாற்றம் இருந்தது. அவரும் சுட்டார், மூட்டையில் படவில்லை, சுவரில் பட்டது. பல் டாக்டர் நட்டநடுவில் அடித்துவிட்டு, "மாமா, ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு, வரட்டுமா?" என்று கேட்டுப் புகாரை வாபஸ் பெற்றார்.

துப்பாக்கி முழுசாக என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. எண்ணெய் ஊற்றியது நான் என்றே எழுதிக்கொள்ளும்படி எழுத்தரைக் கேட்டேன். மனைவி சம்மதிக்கவில்லை. எண்ணெய் ஊற்றிய நபர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. இனி ஊற்றுவதானால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊற்றவும் என்று மட்டும் எழுத்தர் முன்னிலையில் கேட்டுக்கொண்டேன். அதற்கு அவர், "கேட்டுட்டு ஊத்தினா அதுல என்ன இருக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை என்று பதியவும்.

மேலே கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். மலைகள் இடம் மாறியது தவிர மற்ற அனைத்தும் உண்மை. வீடு திரும்பும்போது துப்பாக்கியை என் மனைவிதான் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்வதால், கை காலியாக இருக்கும் நான் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஸ்பிரிங் மாமா