‘குழந்தை’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் கலீலுர் ரஹ்மான் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் சகோதரி ஷியாமளா அவர்களே, டியூட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் நண்பர்களே!

எப்படி நம்புவேன்? முந்தாநாள் மாலை, இதே ரோலா பகுதியில், துபாய் பஸ்ஸுக்கு என்னோடு நின்றார் சட்ட வரைவாளர் சிவசங்கரன். “பஸ் வந்துடுச்சு உமாபதி, ஏறு” என்றார். ஏறித் திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் தரையில் கிடக்கிறார்! தலைவலி என்றுகூட லீவு எடுக்காதவர்! அவரா போய்விட்டார்?

அவரை நான் முதலில் சந்தித்தது ஏடனில். அன்று அது பிரிட்டிஷ் காலனி. சட்டங்களில் வரும் சொற்களுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று சொல்லும் விதிகளை, நாங்கள் வேலை பார்த்த அரசுச் சட்ட அலுவலகம் திருத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் துறைமுகக் குமாஸ்தா சேதுபதி பதறிக்கொண்டு வந்தார். இறந்துபோன தங்கையின் மகள் நாகவள்ளியை, பிறந்ததிலிருந்து தன் மகளாகவே வளர்த்தவர் அவர். பெற்ற பிள்ளைதான் சட்டப்படி குழந்தை, இவள் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று குடியேற்ற அதிகாரி ஒருவர் உத்தரவிட்டுவிட்டார். ஆறு வயதுப் பெண் தனியாக எங்கே போவாள்?

சிவசங்கரன் நேரே ஆங்கிலேய மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே போனேன்.

“குடும்ப விவகாரம் இந்த விதிகளில் எதற்கு?” என்றார் துரை.

“கப்பலுக்கு அர்த்தம் எழுதுறோம், சார். குழந்தைக்கு எழுதக் கூடாதா?”

துரை பேனாவைக் கீழே வைத்தார். “எழுதிக்கொண்டு வா” என்றார்.

விதி நிறைவேறும்வரை அந்தப் பெண்ணுக்குத் தானே ஜாமீன் நின்றார் சிவசங்கரன். வேலை போய்விடும் என்று எச்சரித்தேன். “போகட்டும்யா” என்றார். போகவில்லை! வளர்த்த பிள்ளையும் குழந்தையே என்று விதி வந்தது. நாகவள்ளி தன் வீட்டிலேயே வளர்ந்தாள். அப்படி ஒருவர் நம்மோடு இருந்தார், நண்பர்களே! நேற்று முன்தினம்வரை இருந்தார்!

இங்கு வந்த பிறகும், வேலை ஒப்பந்தம் புரியாமல் தவிப்பவர்களுக்கு வெள்ளிதோறும் கலீலுர் ரஹ்மான் பாயின் கடை மாடியில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொன்னார். நாளை வெள்ளிக்கிழமை. இன்று காலை ஷியாமளா அழுகையை நிறுத்தி என்னிடம் கேட்டார்: “நாளைக்கும் அவங்கெல்லாம் வந்து நிப்பாங்களேண்ணா, யார் போறது?”

நான் போகிறேன், அம்மா. அவருடைய பொறுமை எனக்கில்லை. அரபியும் வராது. அரபியை நம் நண்பர் முகம்மது சித்தீக் படிப்பார், ஆங்கிலத்தை நான் படிக்கிறேன். புரியாத தாள் வைத்திருப்பவர்கள் வாருங்கள். மாடிக்கதவு திறந்திருக்கும்.