சுவிட்ச் போட்டதும்

"நீ சுவிட்ச் போட்டா அம்மா தெருவுக்கு ஓடுதுலே, எந்தப் பட்டாசுக் கம்பெனியில புகைன்னு பாக்க."

சாத்தூர் பேருந்தில் முன்னிருக்கையில் ஓர் அக்கா தம்பியிடம் சொன்னாள். அவன் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியில் பொருத்தும் மாட்யூல் ஒன்றைச் சொந்தமாகச் செய்கிறான் போலும். மடியில் சிப்பும் குமிழ்களும் கிடந்தன.

"ஆன் பண்ணுனதும் ஸ்பீக்கர்ல டமார்னு ஒரு சத்தம் வருதுக்கா. ரிலேன்னு ஒன்னு வச்சா வராது. ஆனா போர்டுல எடமில்ல, ஒரு குமிழ எடுக்கணும்."

"எடு."

"அதுலதான் சுதியே மாத்துறது."

"நீ சுவிட்ச் போட்ட அந்நேரம் நான் அச்சங்குளத்துல வெடிமருந்து ஷெட்டுக்குள்ள இருந்தேன்லே. அம்மாவுக்கு எப்படி இருக்கும்?"

அவன் அந்தக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான்.

பின்னால் ஏதோ லாரி டயர் வெடித்தது. பேருந்தே எழுந்து சன்னல் வழியாகப் புகையைத் தேடியது. அக்கா பக்கத்திலேயே இருந்தும் அவனும் தேடினான்.

"ரிலேயே வச்சிருறேன்க்கா."