கொட்டகையில் ஒரே குரல்

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை நான் எதுவும் குடிப்பதில்லை.

நெய்வேலிக்கு வந்த புதிதில் எங்களுக்குக் கோயில் கிடையாது. காண்ட்ராக்ட் இன்ஜினீயர் சக்கரபாணி சார்தான் தம் சிமென்ட் கொட்டகையை ஜெபத்துக்கு விட்டார். அவர் நெற்றி நிறைய நாமம் போடுகிறவர், ஆனாலும் பெருந்தன்மைக்காரர். அவரிடம் நான் மேஸ்திரி. ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவதும் நானே.

எழுந்து நின்று, நாங்கள் எதை நம்புகிறோம் என்கிற விசுவாசப் பிரமாணம் சொல்வோம். குமாரனாகிய இயேசு பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்கிற இடம் வந்ததும் தனகோடி உட்கார்ந்துவிடுவான். தெற்கே நாசரேத்துப் பக்கம், என் ஊர்க்காரன், என்னிடம் மண் வெட்டுகிறவன். அந்த ஒரே தன்மை என்கிற வார்த்தை வேதத்தில் இல்லையாம். அந்தக் காலத்தில் நிசேயா என்கிற ஊரில் ரோமச் சக்கரவர்த்தி பிஷப்புகளைக் கூட்டி, விருந்து வைத்து, அதைச் சேர்க்கச் சொன்னானாம். ஒத்துக்கொள்ளாதவர்களை நாடு கடத்தினானாம். சக்கரவர்த்தி இடம்தான் கொடுத்தான், சத்தியத்தைச் சொன்னது பிஷப்புகள் என்று பொறுமையாகவே விளக்கினேன். அவன் கேட்டுக்கொள்வான், ஞாயிறு வந்தால் உட்கார்ந்துவிடுவான். பிறகு இன்னும் சிலரும் உட்கார ஆரம்பித்தார்கள்.

எங்கள் லைன் வீடுகளில் குழாயடிச் சண்டைக்கும் சக்கரபாணி சார்தான் தீர்ப்பு. இதற்கும் அவரையே கூப்பிட்டேன். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"பிதா, குமாரன்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஒத்துமையா சொன்னா கொட்டகை. இல்லாட்டி பூட்டுதான்" என்றார்.

தனகோடி என்னைப் பார்த்தான். "அந்த ரோம ராசாவும் அப்ப ஞானஸ்நானம் எடுக்கல, அண்ணாச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை, ஐயா.

அவனை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று மறுநாள் சாரிடம் சொன்னேன். பார்த்துச் செய்யச் சொன்னார். சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் போக ஆழமாக வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தோம். மழையில் கரை வெடித்திருந்ததை நான் பார்த்திருந்தேன். முட்டுக் கொடுக்க மரமும் கையில் இருந்தது. கொடுக்கவில்லை. மற்றவர்களை மேலே ஏறச் சொல்லிவிட்டு, அடியில் மிஞ்சிய களிமண்ணை எடுக்க அவனை மட்டும் இறக்கினேன்.

அவனும் வெடிப்பைப் பார்த்தான். "மண்ணு விட்டுருக்கே, அண்ணாச்சி."

அந்த வார்த்தையை நின்று சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் மேலே வரலாம் என்றேன். அவன் மண்வெட்டியை எடுத்தான். கரை சரியும்வரை நான் அங்கேதான் நின்றேன். கூப்பிட நேரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் மனைவி ஞானப்பூ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். அந்த வார்த்தையையும் சொன்னாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. யாரும் உட்காரவில்லை.

ஆம், நான்தான் கொன்றேன். ஆனால் சக்கரபாணி சார் பெயரை இதில் இழுக்காதீர்கள். விசுவாச விஷயத்தில் அவருக்கு என்ன சம்பந்தம்? அவர் இடம்தான் கொடுத்தார்.