ஓரம் தேயாத டயர்

...அட, அந்தப் பட்டையை இன்னொரு சுத்து இறுக்கியிருக்கலாமில்ல தம்பி? பின்னாடி என் பைக்கு ஆடுற சத்தம் கேக்குது பாரு. சரி சரி, நீ இழுவை வண்டிக்காரன், உன் வேலை உனக்குத் தெரியும். விழுந்தவன் நான். எனக்கு எதுக்கு வாய்?

ஆனா நீயே சொல்லு, விழுறதுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா? இந்த மலையில எத்தனை வளைவு இருக்கு! ஏதாவது ஒண்ணுல, நூறு நூத்திப் பத்துல போயி, ஒரு கெத்தோட விழுந்திருந்தாக்கூட மனசு ஆறிடும். நான் எங்க விழுந்தேன்? ராட்டிகோசா கணவாய் உச்சியில, காபிக் கடை வாசல்ல! வண்டி நிறுத்துற எடத்துலேர்ந்து ரோட்டுக்குத் திரும்பறப்போ! கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டு நாப்பது பேரு பாத்துக்கிட்டு நிக்கறான். நடந்து போறவன்கூட என்னைத் தாண்டிப் போயிருப்பான், அவ்ளோ வேகம்.

முட்டியா? முட்டி கெடக்கு விடு. வீங்கினா வடிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை இந்த ரோட்டுல என்னை மாதிரி எத்தனை பேரை ஏத்தியிருப்ப நீ! எல்லாரும் இப்படித்தான் பேசிக்கிட்டே வருவானுங்களா? ம்... தலையை மட்டும் ஆட்டுற. சரி.

எல்லாரும் உன்னைக் கேட்டிருப்பான், ‘ஏம்ப்பா, அந்த வண்டியில டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லையா?’ன்னு. இருக்கு தம்பி, சக்கரம் வழுக்காம பாத்துக்கற மூளை! நூத்தித் தொண்ணூறு குதிரை இழுக்குற பைக்கு, அறுபத்திரெண்டு வயசு மணிக்கட்டு. அந்த மூளை இல்லாட்டி என்னை நம்பி எவன் குடுப்பான்? அது எப்படி வேலை செய்யுதுன்னு என்னைக் கேளு. எனக்குத் தெரியும். என் பொண்ணு இலேனியா சொல்லிக் குடுத்திருக்கா. இந்த பைக்கைச் செய்யற கம்பெனியில அவளுக்கு அதான் வேலை.

ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசையில ரெண்டு சூப்புத் தட்டை எடுத்து நிக்க வெச்சா. ‘அப்பா, இது முன் சக்கரம். இது யோக்கியன். ரோடு ஓடுற அளவுக்குத்தான் இவன் ஓடுவான். இந்தப் பக்கம் பின் சக்கரம், இவன் முதுகுல இன்ஜின் உக்காந்திருக்கு. அது உதைச்சா இவன் ரோட்டை மறந்துட்டுச் சுத்துவான்’ன்னா. ரெண்டு சக்கரத்துலயும் பல்லு வெச்ச வளையம் ஒண்ணு, பல்லை எண்ணுறதுக்கு ஒரு சென்சார். பின்னாடி இருக்கறவன் முன்னாடி இருக்கறவனை விட வேகமா சுத்தறான்னு தெரிஞ்சா, வழுக்குதுன்னு அர்த்தம். உடனே மூளை இன்ஜின்ல தீப்பொறியைத் தள்ளிப் போடும், உள்ள போற காத்துக் கதவைக் கொஞ்சம் சாத்தும், உதை அடங்கிடும். கண்ணு சிமிட்டுறதுக்குள்ள! நாம ‘ஐயோ’ன்னு நெனைச்சு முடிக்கறதுக்குள்ள அது வேலையை முடிச்சிருக்கும்.

அவ்ளோதானான்னு கேட்டேன். ‘அவ்ளோ லேசா முடிஞ்சிடுமாப்பா?’ன்னா. வண்டி சாய்ஞ்சா டயரு ஓரத்துல ஓடும். ஓரத்துல சுத்தளவு கம்மி. வழுக்காமயே வேகமா சுத்தற மாதிரி தெரியும். அதனால எவ்ளோ சாய்ஞ்சிருக்குன்னு அளக்க இன்னொரு கருவி. சாயச் சாய மூளைக்குப் பொறுமை கொறைஞ்சுக்கிட்டே வரும். இதை விளக்கறேன்னு தட்டைச் சாய்ச்சா பாரு, மிச்சமிருந்த சூப்பு அம்புட்டும் என் சட்டையில!

அதுல மெதுவா போறப்போ சாய்ஞ்சு திரும்பற கணக்கு இருக்கில்ல, அது முழுக்க இலேனியா போட்டது. அவளே ஒக்காந்து, ஆறு மாசம். மூணு வருஷமா ஒப்பந்தத்துல இருக்கா. அடுத்த மாசம் நிரந்தரம் பண்றதாச் சொல்லியிருக்காங்க.

...அந்த வளைவுல பாத்துப் போப்பா. பஸ்ஸு வரும் எதுக்க. எனக்குத் தெரியும், முப்பத்தஞ்சு வருஷம் கீழ பொலோஞ்யா டவுன்ல பஸ்ஸு ஓட்டினவன். இருபத்தேழாம் நம்பர். ஒரு கண்ணாடி ஒடைச்சதில்ல, ஒரு சைக்கிளைத் தட்டினதில்ல. அதுதான் என்னைக் கெடுத்துச்சு தம்பி! பைக்கையும் பஸ்ஸு மாதிரியே ஓட்டறேன். பின் சீட்டுல நாலு பேரு நின்னுக்கிட்டு வர்ற மாதிரி திரும்பறேன்.

அங்க மேல என்ன பழக்கம்னு உனக்குத் தெரியுமே. வண்டியை நிறுத்திட்டுப் போனா போதும், எவனும் மூஞ்சியைப் பாக்க மாட்டான், குனிஞ்சு டயரைப் பாப்பான். நல்லா சாய்ச்சு ஓட்டறவன் டயரு ஓரம் வரைக்கும் தேஞ்சிருக்கும். என்னுது? ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் அகலம், கடையிலேர்ந்து வந்த பளபளப்பு அப்படியே! வைனெர்னு ஒருத்தன், என்கூட டிப்போவுல இருந்தவன்தான். ஒவ்வொரு வாரமும் கடை நெறைய ஆளு இருக்கறப்போ கத்துவான். ‘வழி விடுங்கப்பா, இருபத்தேழு வந்தாச்சு! ஏண்டா ஏர்மெஸ், அந்த ஓரத்தை யாருக்குடா சேத்து வெக்கற?’ன்னு. நாப்பது பேரும் சிரிப்பான். நானும் சிரிப்பேன். வேற என்ன செய்ய? வாயில இருக்கற ரொட்டியைத் துப்பவா முடியும்?

இன்னிக்கு வந்தான், குனிஞ்சான், பாத்தான்... விரலால ஓரத்தைத் தடவிப் பாத்தான்! ‘பரவால்லடா’ன்னு தோளைத் தட்டினான். தம்பி, அந்த ஒரு தட்டுல எனக்கு இருபது வயசு கொறைஞ்சு போச்சு. ஏறினேன், எல்லாரும் பாக்கறாங்கன்னு ஆக்சிலேட்டரைத் திருகினேன், சாய்ச்சேன்... அவ்ளோதான். வண்டி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

வைனெர்தான் ஓடி வந்து தூக்கினான். அவன் கேட்ட முதல் கேள்வி, ‘ஏண்டா, உன் பொண்ணு செஞ்ச மூளை தூங்கிடுச்சா?’ நான் என்ன சொன்னேன் தெரியுமா?

‘ஆமாடா. வேலை செய்யல’ன்னுட்டேன்.

நாப்பது பேரு முன்னாடி. சட்டுனு வந்துடுச்சு வாயில.

அவன் அக்கா பையன் இலேனியா கூடத்தான் வேலை பாக்கறான். நீ வர்றதுக்குள்ள விஷயம் போயிடுச்சு, அவளே கூப்பிட்டா. ‘அப்பா, அடி பட்டுச்சா?’ இல்லம்மா. ‘மெதுவாதான் போனீங்களா? சாய்ச்சா?’ ஆமாம்மா. அப்புறம், ‘அது நான் போட்ட கணக்குப்பா. சாவியைத் தொடாதீங்க. நாளைக்கு நான் எங்க ஆபீஸ் பெரியவர்கிட்ட சொல்லி, அந்தக் கணக்கை இனி எந்த வண்டியிலயும் போடாம நிறுத்தச் சொல்றேன். இன்னொருத்தரு விழக்கூடாதில்ல’ன்னா. என்னைச் சந்தேகமே படல தம்பி. ஒரு பேச்சுக்குக்கூட ‘நீங்க ஏதாவது பண்ணீங்களா’ன்னு கேக்கல! கேட்டிருக்கலாம்.

...லொயானோ ஊரைத் தாண்டிட்டமா? ம்.

சரி, சொல்லிடறேன். உன்கிட்ட சொன்னா என்ன? நீதான் வாயே தொறக்க மாட்டேங்கறியே. நேத்து பைக்கைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தினேன். பின் சக்கரம் தரையைத் தொடாது. முதல் கியரைப் போட்டு ஓட விட்டேன். சக்கரம் சுத்துது. உப்புத்தாளை எடுத்து அந்த ஓரத்துல புடிச்சேன். தேய்ச்சேன். இந்தப் பக்கம் பத்து நிமிஷம், அந்தப் பக்கம் பத்து நிமிஷம்.

சிரிக்காத! ...சிரிச்சுக்கோ.

மூளை என்ன நெனைக்கும் சொல்லு? பின் சக்கரம் சுத்துது, முன் சக்கரம் அசையவே இல்ல. உலகத்துல இல்லாத வழுக்கல்! பாத்துச்சு, பாத்துச்சு, ‘எனக்கு ஒண்ணும் புரியலடா சாமி’ன்னு கையை விரிச்சிடுச்சு. மஞ்சள் விளக்கு எரிஞ்சுது. வண்டியை நிறுத்தி மறுபடி எடுத்தாலும் அணையல. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் தம்பி. இனிமே வழுக்கினா புடிக்க ஆளில்லன்னு அர்த்தம். தெரிஞ்சும் நான் என்ன பண்ணேன்? வைனெர் பாத்துடக் கூடாதுன்னு அந்த விளக்கு மேல கருப்பு டேப்பை ஒட்டிட்டு வந்தேன்!

நாளைக்கு அவ பெரியவரைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு பைக்குல இருக்கற அந்த மூளைப் பெட்டியைத் தொறந்து படிப்பா. அது எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கும். சனிக்கிழமை, இருபது நிமிஷம், பின் சக்கரம் ஓட்டம், முன் சக்கரம் பூஜ்யம். ஆனா அதுக்கு முன்னாடியே அவ ‘என் தப்பு’ன்னு சொல்லியிருப்பாளே... எல்லாரு முன்னாடியும்.

இரு. கொஞ்சம் இரு. நீ ரோட்டைப் பாரு.

...இலேனியா? ஆமா, வண்டியிலதான் வர்றேன். இல்ல, வலிக்கல. அம்மாடி, ஒண்ணு சொல்லணும். உன் கணக்குல ஒண்ணும் தப்பில்ல. நான்... டயரைத் தேய்ச்சேன். கையாலதான். ஸ்டாண்டுல நிறுத்தி, கியர் போட்டு... ஆமா. ஆமா, எரிஞ்சுது. பாத்தேன். டேப்பு ஒட்டினேன்... இலேனியா? லைன்ல இருக்கியா?

தம்பி, திட்டவே இல்ல. கேக்கறா... ‘எத்தனாம் நம்பர் உப்புத்தாளுப்பா?’ன்னு கேக்கறா.

எம்பதும்மா.

...சிரிக்கறா. மூச்சு வாங்கச் சிரிக்கறா. என்னது? கடையில அந்த நாப்பது பேருக்குமா? நானே நேர்ல சொல்லணுமா? போன்ல சொன்னா... இல்ல, சரி. சரிம்மா. இன்னிக்கேதான், அவங்க கலையறதுக்குள்ள. சரி.

வெச்சுட்டா. தம்பி, உனக்குச் சிரமம்தான், தெரியும். எங்கயாவது ஒரு எடம் பாத்து வண்டியைத் திருப்பி மறுபடி மேல... ஏன் மெதுவாக்கற?

ஓ. இண்டிகேட்டரை எப்பப்பா போட்ட நீ?