பெற்றோர் வரிசை

டிவி பார்ப்பதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி உண்டு. ஒயர் பின்னிய பழைய நாற்காலி. சனி, ஞாயிறு மாலை ஆறரைக்கு அதில் உட்கார்ந்தால் 'தேன்குரல் மேடை' முடிகிறவரை எழுந்திருக்க மாட்டேன். குக்கர் விசில் அடித்தால் அடிக்கட்டும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வள்ளியம்மாள் கூப்பிட்டால் கூப்பிடட்டும். நான் அரைகுறையாக டிவி பார்க்கிறவள் இல்லை என்பது இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

நான் சொல்லச் சொல்ல ஏட்டம்மா எழுதிக்கொள்வதாகத்தான் இருந்தது. ஆனால் நான் கால் மணி நேரம் சொன்னதை அவர் மூன்று வரியில் சுருக்கிவிட்டார். அப்படிச் சுருக்கினால் யாருக்கும் மனசு இளகாது. சேனலுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதி எழுதி என் கையெழுத்து திருத்தமாக இருக்கும். அதனால் நானே எழுதித் தருகிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் அம்மா பெரிய மனது பண்ணித் தாளும் பேனாவும் கொடுத்தார்.

என் பெயர் கனகம். வயது நாற்பத்தைந்து. கணவர் கலியமூர்த்தி மைன்ஸில் பர்மனென்ட் தொழிலாளி. அவருடைய அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனதில் வேலை கிடைத்து, பதினான்கு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து அப்புறம் பர்மனென்ட் ஆனவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஒரே மகள் பூவிழி, வயது பத்தொன்பது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் குரலைப் பற்றி நான் சொல்வதைவிட, வடலூரில் அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த ராஜாம்பாள் டீச்சரைக் கேளுங்கள். ஏழு வருஷம் சனிக்கிழமை தவறாமல் பஸ்ஸில் கூட்டிப்போனவள் நான். எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை. என் மகள் அந்த மேடையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினோரு சீசன் பார்த்திருக்கிறேன், ஒரு எபிசோடு விட்டதில்லை. மாமியார் செத்த பதினாறாம் நாள் காரியத்தன்றுகூட, வந்த சனத்துக்குப் பந்தி போட்டுவிட்டு ஆறரைக்கு உட்கார்ந்துவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் பாட்டைக் கேட்பார்கள். நான் வரிசையைப் பார்ப்பேன். மேடைக்கு எதிரே பெற்றோருக்கென்று ஒரு வரிசை போட்டிருப்பார்கள். பிள்ளை பாடி முடித்ததும் நடுவர், "உங்க வீட்டப் பத்திச் சொல்லும்மா" என்பார். பியானோ மெதுவாக ஆரம்பிக்கும். கேமரா முதலில் பிள்ளையைக் காட்டும், பிறகு அம்மாவைக் காட்டும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும்போது நாடே அழும். நானும் அழுவேன். பதினோரு சீசனில் ஒன்பது மகுடம் வீட்டில் இழவு விழுந்த பிள்ளைகளுக்குத்தான் போயிருக்கிறது. மீதி இரண்டில் ஒருவன் பார்வையில்லாதவன், இன்னொருத்திக்கு அப்பா வெளிநாட்டு ஜெயிலில்.

என் கணவருக்கு இது பிடிபடவில்லை. பின்னால் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கிண்டல் பண்ணுவார். "ஏம்மா கனகம், பாட்டு கேக்க ஒக்காந்துக்கினு இருக்கியா, அழுவுறதுக்கு ஒக்காந்துக்கினு இருக்கியா?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவரால் எதையும் சிரிக்காமல் சொல்ல முடியாது. அது ஒரு குறை.

போன தை மாதம் கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு வைத்தார்கள். பூவிழி பாடினாள். உள்ளே இருந்த மூன்று பேரில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். அப்புறம் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் மேலே இரண்டு வரி. அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்கு வெறும் கோடு. 'போட்டியாளரின் வாழ்க்கைப் பின்னணி' என்று தலைப்பு. நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் இவள் அதை நிரப்பி நீட்டிவிட்டாள். அத்தனை கோட்டில் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.'

ஒருங்கிணைப்பாளர் தம்பி பிரவின் அதைப் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, பாப்பா சூப்பரா பாடுது. வூட்டுல யாருக்காச்சும் எதுனா பிரச்சன உண்டா? அப்பா என்னா பண்றாரு?"

"மைன்ஸ்ல பர்மனென்ட்டுங்க."

"ஒடம்புக்கு?"

"ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. இப்ப நல்லாத்தான் இருக்காருங்க."

"ஓ. நல்லதுங்க" என்றார். முகம் விழுந்துவிட்டது. காத்திருப்புப் பட்டியலில் போட்டார்கள். ஏழு வருஷப் பாட்டு, காத்திருப்புப் பட்டியல். பூவிழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நெய்வேலி வருகிறவரை பாடிக்கொண்டே வந்தாள். அவளுக்கு வருத்தமே இல்லை. வயிறு எரிந்ததெல்லாம் எனக்குத்தான்.

நான் அவரை வெறுத்தவள் இல்லை, இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குள் ஒரு சண்டை இல்லை. ஒரு வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், ஒருத்திக்குக் குரல் இருக்கிறது, அவளுக்குக் குறைவது ஒன்றே ஒன்று. மற்ற இருவரில் யாரால் அதைக் கொடுக்க முடியும் என்று யோசித்தேன். நானே போகலாம் என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் வரிசையில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தால் அது எடுபடாது. அவர் அங்கேயும் சிரித்துத் தொலைப்பார்.

ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை போட வேண்டும். காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது காபியோடு நான்தான் கொடுப்பேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவார், நான் வைப்பதை வாயில் போட்டுக்கொள்வார். பங்குனி கடைசியிலிருந்து அதற்குப் பதிலாக சத்து மாத்திரை வைத்தேன். அதுவும் உடம்புக்கு நல்லதுதான். கொடுக்காத மாத்திரையை அட்டையோடு ஒரு கவரில் போட்டு செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் என்னைத் தவிர அங்கே யாரும் கைவைக்க மாட்டார்கள். விஷம் வைத்ததாக வள்ளியம்மாள் சொல்லித் திரிகிறாளாம். விஷம் நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் ஒன்றைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வைகாசியில் போனில் அவரை வீடியோ எடுத்தேன். பின்பக்கம் பலா மரத்தடியில் அவரை உட்கார வைத்தேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். "எம் பொண்ணு டிவில பாடுறத நான் பாக்கணும்" என்று சொல்லச் சொன்னேன். முதல் தடவை சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், ஆனால் கண் சிரித்தது. "சிரிக்காதீங்க. நீங்க இல்லாத மாதிரி நெனச்சிக்கினு சொல்லுங்க" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மூன்றாவது தடவை சொன்னார்: "பூவு, நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீ பாடணும்மா." அதை நான் சொல்லித்தரவில்லை, அவராகவே சேர்த்துக்கொண்டார். எத்தனையோ எபிசோடு பார்த்திருக்கிறேன், அவ்வளவு இயல்பாக ஒருவரும் சொன்னதில்லை.

ஆனி முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பின்பக்கம் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை கூப்பிட்டார். நான் நாற்காலியில் இருந்தேன். கேட்டது. மூன்றாவது தடவை கூப்பிடுகிறாரா என்று பார்த்தேன், கூப்பிடவில்லை. பூவிழி கல்லூரித் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தப் பாட்டு முடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். ஏற்கெனவே நெஞ்சு வியாதிக்காரர் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எடுப்பதற்கு முன்னால் பூவிழியை அப்பாவின் தலைமாட்டில் நிறுத்திப் பாடச் சொன்னேன். "எம்மா, வேணாம்மா, முடியலம்மா" என்றாள். "அப்பாவுக்குப் புடிச்ச பாட்டு, பாடு" என்றேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் பிளாக்கே அழுதது. வள்ளியம்மாள் என் போனில் படம் பிடித்தாள், ஆனால் கை நடுங்கி எல்லாம் கலங்கலாக விழுந்துவிட்டது. ஒரு வேலையை இன்னொருவரிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகிறது.

பிரவின் தம்பிக்கு விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, அக்கா" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். கொஞ்சம் பொறுத்து, "வீடியோ எதுனா இருக்குமா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஆடி கடைசியில் சென்னையில் மெகா தேர்வு, பூவிழியின் பெயர் பட்டியலில் முதலில். அவள் போக மாட்டேன் என்று பாயில் சுருண்டு கிடந்தாள். மூன்றாவது வீடியோவை மட்டும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். 'இல்லாட்டியும் நீ பாடணும்மா' என்று அவர் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் செய்தது வீண்போகவில்லை என்று அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மனுஷர் கணக்குப் போட முடியாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும்போல. போன செவ்வாய்க்கிழமை நான் மெயின் பஜாருக்குப் போயிருந்தேன். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். பூவிழிக்கு அந்த வீடியோவைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. போனைத் திறந்தவளுக்கு மூன்று வீடியோவும் கிடைத்திருக்கிறது, இரண்டாவதின் கடைசியில் என் குரலும் கிடைத்திருக்கிறது. அப்போதும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். சிரிக்கிற அப்பாவையே டிவியில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒயரை மாட்ட செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் கைவிட்டிருக்கிறாள். கவர் கையில் வந்திருக்கிறது.

நான் வந்தபோது டிவியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பூவிழி தரையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள்.

"இது என்னாம்மா?" என்றாள்.

"உனக்காகத்தாண்டி" என்றேன். வேறென்ன சொல்வது, அதுதானே உண்மை. அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. அட்டைகளைக் கவரில் போட்டுக்கொண்டு, அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். இங்கே உங்கள் முன்னால் நின்றுதான் அழுதாளாம். நான்கு போலீஸ்காரர்கள் பார்க்க, ஒரு கேமராகூட இல்லாத இடத்தில். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

ஆம், என் கணவர் கலியமூர்த்தியைச் சாகவிட்டது நான். தெரிந்துதான் செய்தேன், யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

இனி முக்கியமான விஷயம். படிவத்தில் திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பலாம் என்று பிரவின் சொல்லியிருக்கிறார். அப்பா செத்த பிள்ளைகள் எல்லா சீசனிலும் வருகிறார்கள். அம்மாவே அப்பாவைக் கொன்ற பிள்ளை பதினோரு சீசனில் ஒன்றுகூட வந்ததில்லை. இப்போது பூவிழியிடம் இருக்கிற கதைக்குக் கிட்டே நிற்க யாராலும் முடியாது. அரைப் பக்கம் இதற்குப் போதாது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறேன். ஒரு நகல் எடுத்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். இனி பாட மாட்டேன் என்று அவள் சொன்னதாக ஏட்டம்மா சொன்னார். வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள், சின்னப் பிள்ளை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவள் பாடுகிற அந்த ஒரு நாள், காவலுக்கு எத்தனை பேர் வந்தாலும் சரி, என்னை அந்த வரிசையில் உட்கார வைக்க வழி இருக்கிறதா என்று மேலே கேட்டுப் பாருங்கள். புடவைக்கு அலைய வேண்டாம். விதவைக்குப் பொருத்தமாக, கேமராவுக்கு எடுப்பாக, வெளிர் நீலத்தில் ஒன்று பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. மாசி மாதமே வடலூரில் எடுத்தது, இன்னும் மடிப்புக்கூடக் கலைக்கவில்லை.