மேசைவிரிப்புக் கொடி

காலையில் சூடாகச் சாக்லேட் குடிக்காவிட்டால் எனக்குத் தலைவலி வந்துவிடும். வரவழைத்துக் கொடுத்ததற்கு நன்றி, நீதிபதி அவர்களே. நுரைதான் கொஞ்சம் குறைவு. சிறைச் சமையல்காரரைக் குறை சொல்லமாட்டேன். ஏழு வருடம் அதிபராக இருந்தபோது அவரை நியமித்ததே நான்தான்.

எனக்கு முன்பு அதிபராக இருந்த அன்செல்மோ உருத்தியாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அதிபரான பிறகும் கோட்டுக் கையில் சாக்பீஸ் தூள் இருக்கும். ரயில் தொழிலாளிகள் புரட்சி செய்து தலைநகரில் பாதியைப் பிடித்துக்கொண்டபோது, படை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்தார்.

"ஜெனரல், என் தம்பி உங்களைப் பத்தி என்ன சொல்றான் தெரியுமா? உங்க கண்ணு எப்பவும் என் நாற்காலி மேலயே இருக்காம்."

"அது பழைய நாற்காலி ஐயா. உடைஞ்சு நீங்க விழுந்துடுவீங்களோன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்."

வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல மனிதர்.

ஐந்தாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. சமாதானம். தேர்தல் வைக்கிறேன் என்று அதிபர் சொல்லியனுப்ப, புரட்சிக்காரர்களின் தலைவர் வேகா, ஒரு இஞ்சின் டிரைவர், சரி என்றுவிட்டார். மறுநாள் காலை தேவாலயச் சதுக்கத்தில் இருவரும் கைகுலுக்குவதாக ஏற்பாடு. நீங்களே யோசித்துப் பாருங்கள். கைகுலுக்கியே நாட்டை அமைதிப்படுத்திவிடலாம் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் ராணுவத்தை யார் மதிப்பார்கள்?

வேகா வெள்ளைக் கொடியோடு வந்தார். கொடி என்று சொல்ல முடியாது. யார் வீட்டு மேசைவிரிப்போ, ஓரத்தில் பூவேலை இருந்தது. என் ஆள் மணிக்கூண்டில் இருந்தான். ஒரே குண்டு. மற்றதெல்லாம் தானாக நடந்தது. அவர்கள் சுட்டார்கள், நாங்கள் சுட்டோம், சந்தைக்கு வந்தவர்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். நானூறு பேர் என்கிறீர்கள். பத்திரிகைக்காரர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள்.

சாயங்காலம் மந்திரிகளே என்னிடம் ஓடிவந்தார்கள். "யாராவது உறுதியானவங்க பொறுப்பெடுத்துக்கணும், ஜெனரல்." மறுத்தேன். இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை கேட்க அவர்கள் தயங்கியதால், வாசலில் நின்ற பீரங்கியைக் கொஞ்சம் உள்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னேன்.

அதிபரைப் பாதுகாப்புக்காக என் முகாமுக்குக் கூட்டிவந்து, ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். அதிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வாத்தியார் இல்லையா.

"என் மனைவி?"

"எலோடியா அம்மா துறைமுகத்துல காத்துக்கிட்டிருக்காங்க ஐயா. கப்பல்ல ரெண்டு பேருக்கும் இடம் போட்டாச்சு."

"நீங்க மட்டும் இல்லன்னா என்னைக் கொன்னிருப்பாங்க," என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

அந்த அம்மா துறைமுகத்தில் இல்லை. முகாமின் வெளி வாசலில், ஒரே ஒரு தடவை அவரைப் பார்க்க விடுங்கள் என்று காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கப்பலும் இல்லை. பின்வாசல் வழியாகப் போன கார் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நின்றது. நிறுத்தச் சொன்னதும் நான், சுடச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். முகத்துக்கு நேரே சுடக்கூடாது, காரைவிட்டு இறங்கும்போது பின்னாலிருந்துதான் சுடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். என்னை அவ்வளவு நம்பிய மனிதர். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.