தளபதி வீட்டுச் சம்பந்தம்

— இந்தக் கலியாணம் நடக்காது, நிலூஜா. அந்தச் சீனப் பெடியன் வெய்யுக்குப் போன் எடுத்துச் சொல்லு.

— போன ஞாயிறு பூசை முடிய றொனால்ட் மாமாவை மறிச்சுவைச்சு, "மகளுக்குச் சீனத்துத் தளபதி பரம்பரையிலை மாப்பிள்ளை" எண்டு புழுகினது ஆர், அப்பா?

— அது உந்தப் புத்தகத்தை வாசிக்க முதல். குடும்பம் விசாரிக்காமல் நாங்கள் பொம்பிளை குடுக்கிறேல்லை. விசாரிக்க வெளியிலை போகத் தேவையில்லை, அவையின்ரை குடும்பப் புத்தகத்திலையே எல்லாம் கிடக்குது.

— வெய் இருந்து இருந்து நோர்ஸ்க் பாசையிலை மொழிபெயர்த்துத் தந்தது, உங்களுக்கு விளங்கவேணும் எண்டு.

— வடிவா விளங்குது. பேரரசரின்ரை வடக்குப் படைத் தளபதி ஷென் குவான். தேப்பன் அரண்மனை லாயத்திலை குதிரைச் சாணி அள்ளினவன். தாய் முகாமிலை சிப்பாய்மாற்றை உடுப்புத் தோய்ச்சவள். இதுதானோ பரம்பரை?

— அடுத்த பக்கம் வாசிச்சனீங்களோ? சண்டையிலை வெண்டு வர, பேரரசர் ஒரு பிரபு குடும்பத்தின்ரை பேரை அவருக்குக் குடுக்கப் பாத்தவர். இனி இதுதான் உன்ரை பரம்பரை எண்டு. அவர் வாங்கேல்லை. என்ரை அம்மா உடுப்புத் தோய்ச்சவ, அப்பிடியே எழுதுங்கோ எண்டிட்டார். அந்த வாய்க்குத்தான் எல்லைக் கோட்டைக்குத் துரத்தினது. அங்கையே செத்துப்போனார்.

— விசரன். தந்ததை வாங்கியிருந்தால் பேரப்பிள்ளையளாவது மரியாதையா இருந்திருக்கும்.

— மரியாதையாத்தான் இருக்கினம். அவையின்ரை வீட்டுக் கலியாணம் எல்லாத்திலையும் அந்தப் பக்கத்தைச் சத்தமா வாசிக்கிறவை.

— ஒஸ்லோவிலை இந்த ஹவுகன்ஸ்டுவாத் தமிழ்ச் சனம் முழுக்க இருக்கேக்கையோ?

— ஓம். வாசிச்சு முடிய, பொம்பிளையின்ரை அப்பா எழும்பித் தன்ரை தாய் தேப்பன் என்ன வேலை செய்தவை எண்டு சொல்லவேணும். அது அவையின்ரை வீட்டு முறை.

— நான் எழும்பமாட்டன்.

— ஏன்? அப்பம்மா மன்னாரிலை ரீச்சர் எண்டுதானே எல்லாருக்கும் சொல்லுறியள். அதையே சொல்லுங்கோவன்.

— சொல்ல ஏலாது.

— அதுதான் ஏன் எண்டு கேக்கிறன். எனக்கு ஆத்திரம் வருது அப்பா. ஒரு வசனம் சொல்ல ஏலாமல் என்ரை வாழ்க்கையை முறிக்கப் பாக்கிறியள்.

— அவ ரீச்சர் இல்லையடி. ஊராற்றை உடுப்பு வெளுத்துத்தான் என்னை வளத்தவ. போதுமோ? இஞ்சை வந்த முதல் நாளே ரீச்சர் எண்டு சொல்லிப்போட்டன், பிறகு மாத்த ஏலாமல் போச்சு. உன்ரை அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

— எனக்குத் தெரியும்.

— இமெல்டா... நீ எப்ப வேலையாலை வந்தனீ?

— உங்கடை சத்தம் லிப்ற் வரைக்கும் கேக்குது. நீங்கள் நோர்வேக்கு வந்தாப்பிறகு மாமி இடம்பெயர்ந்து, உங்களோடை தொடர்பில்லாத காலத்திலை, கொஞ்ச நாள் எங்கடை ஊரிலை இருந்தவ. எங்கடை வீட்டு உடுப்பும் வெளுத்தவ. வரேக்கை எல்லாம், என்ரை மகன் எண்டு உங்கடை போட்டோவைக் காட்டுவா. ஒஸ்லோக் கோயிலிலை கண்ட அண்டைக்கே ஆள் ஆரெண்டு தெரிஞ்சுதான் உங்களைக் கட்டினனான். ரீச்சர் எண்டு அந்த மனுசியை நீங்கள் ஒவ்வொருக்கா மறைக்கேக்கையும் எனக்குப் பத்தி எரிஞ்சது. நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருபத்தெட்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், கிளெமென்ற்.